சுவரை உரசும் வெயில்: ஒரு பழைய தேவாலயத்தைச் சுற்றி ஒளிப்படப் பயிற்சி

வெளியில் படம் எடுக்கப் பழக வேண்டும், எங்கே தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் பழைய தேவாலயத்தைத்தான் கைகாட்டுவேன். மலை, அருவி, கடற்கரை எல்லாம் பிறகு போய்க்கொள்ளலாம். காலங்காலமாக வெயிலும் மழையும் பட்டு நிற்கும் ஒரு தேவாலயத்தில் ஒளிப்படக்காரர் சந்திக்க வேண்டிய சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம், வெள்ளையடித்த சுவர், கறுத்த கல், ஆழமான வாசல் வளைவு, வண்ணக் கண்ணாடி, மரநிழல், சாய்ந்து நிற்கும் கல்லறைக் கற்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அது நகராது. நேற்று நின்ற அதே இடத்தில் இன்றும் நின்று எடுக்கலாம். இரண்டு படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது வெளிச்சத்தால் வந்தது, இல்லை நாம் செய்ததால் வந்தது. பழகுகிறவருக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்கிற இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

நான் வருடக்கணக்காகப் போய்வருகிற தேவாலயம் பெயர்பெற்றது ஒன்றும் இல்லை. கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய கட்டடம், ஒரே ஒரு மணிக்கோபுரம், பக்கவாட்டில் மரங்கள், பின்னால் சின்னக் கல்லறைத் தோட்டம். அதைச் சுற்றிச் சுற்றி நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி ஒரே ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடும்: சுவருக்கும் வெயிலுக்கும் நடுவில் இருக்கிற கோணம். மற்ற நுட்பங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

கேமராவை எடுப்பதற்கு முன்னால் திசையைப் பார்த்துவிட வேண்டும். பழைய தேவாலயங்களில் பெரும்பாலானவை பீடம் கிழக்கே, தலைவாசல் மேற்கே என்ற மரபில் கட்டப்பட்டவை. நிலத்துக்கும் தெருவுக்கும் ஏற்றபடி திரும்பியவையும் உண்டு. ரோமின் புனித பேதுரு பேராலயமே கிழக்குப் பார்த்த முகப்பு கொண்டதுதான். ஆகவே ஊகிக்காமல் போனில் இருக்கிற திசைகாட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. வாசல் மேற்குப் பார்த்தது என்றால் காலை முழுக்க முகப்பு நிழலில் கிடக்கும், அதன் பின்னால் வானம் பளீரென்று எரியும். விடியற்காலையில் ஆசையாக எழுந்து போகிறவர்களுக்கு முன்பக்கத்தில் கிடைப்பது வெளுத்துப்போன வானமும் இருண்ட கட்டடமும்தான். அந்த நேரத்தில் அவர்கள் போய் நிற்க வேண்டிய இடம் பீடத்தின் பின்புறம். இந்தத் திசைக்கணக்கு ஒன்று கையில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

இனி கோணம். பொன்வெயில் நேரத்தில் எடுங்கள், நடுப்பகலில் கேமராவைத் தொடாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனித முகத்துக்கும் விரிந்த நிலக்காட்சிக்கும் அது சரி. செதுக்கு வேலை உள்ள ஒரு மேற்கு முகப்புக்கு இந்த அறிவுரை பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து. மாலையில் சூரியன் தாழ இறங்கும்போது முகப்புக்கு நேரெதிரே வந்து நிற்கிறது. நிறம் தேனாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் வெளிச்சம் முகத்தில் அடித்த மாதிரி விழுவதால் நிழல்கள் எல்லாம் செதுக்கலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கல்லின் சொரசொரப்பு, உளி பட்ட தடம், காரை பெயர்ந்த பள்ளம் எதுவும் எழும்பாது.

சூரியன் உச்சி தாண்டிய உடனே நிலைமை வேறு. அதுவரை கட்டடத்துக்குப் பின்புறமாக இருந்த வெயில் அப்போதுதான் மேற்குச் சுவரின் மேல் விளிம்பைத் தொட்டு, சுவரோடு சுவராக உரசிக்கொண்டு இறங்கும். எங்கள் தேவாலயத்தின் வாசல் வளைவைச் சுற்றித் திராட்சைக் கொடி ஒன்றைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். மாலையில் பார்த்தால் வெளிறிய ஒரு பட்டை, அவ்வளவுதான். உச்சி சாய்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அதே கொடி சுவரைவிட்டுக் கழன்று வருவதுபோல நிற்கும். ஒவ்வொரு இலைக்கும் கீழே கறுப்பாக ஒரு நிழல் இறங்கும். வலது பக்கம் ஆளுயரத்தில் இருக்கிற ஓர் இலையில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் உளியைச் சாய்த்து இழுத்த கோடுகள் தெரியும். ஒரு பக்கக் கோடுகள் ஆழம், மறுபக்கம் மேலோட்டம். செதுக்கியவரின் கை எந்தப் பக்கம் அழுத்தமாக இறங்கியது என்பதுவரை படிக்கலாம். இரும்புத்துண்டு ஒன்று கல்லுக்குள் துருவேறி, அதைச் சுற்றிக் கல் உப்பியிருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

உச்சிப் பொழுது என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி இல்லை. ஊர் இருக்கும் தீர்க்கரேகையையும் மாதத்தையும் பொறுத்து முன்பின்னாக இருக்கும். சூரியனின் பாதையைக் காட்டும் செயலி எது இருந்தாலும் அதில் நிமிடக் கணக்கில் தெரிந்துவிடும். இன்னொன்று: சுவர் துல்லியமாகத் தெற்கு வடக்காக நிற்கவில்லை என்றால் உரசும் நேரம் அதற்கேற்ப நகரும். அதைச் செயலி தானாகச் சொல்லாது. ஒரு நாள் மதியம் சும்மா உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கோணப் பாடத்தைச் சீக்கிரம் மனதில் பதிக்க ஒரு வழி உண்டு. இருட்டிய பிறகு ஒரு டார்ச்சை எடுத்து, முதலில் சுவருக்கு நேராக அடித்துப் பாருங்கள். பிறகு சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வழவழப்பென்று நினைத்த சுவரில் கொத்தனார் கரண்டியின் ஒவ்வொரு இழுப்பும் எழுந்து நிற்கும். தேய்ந்துபோன கல்லறை எழுத்துகளைப் படிக்கவும் இதே வழிதான். எழுத்தின் மேல் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கல்லைக் கெடுக்கும், தயவுசெய்து வேண்டாம். வெளிச்சத்தைச் சாய்த்தாலே போதும்.

ஓவியர் கிளாட் மோனே 1892-லும் 1893-லும் பிரான்சின் ரூவான் பேராலயத்துக்கு எதிரே இருந்த கட்டடங்களில் இடம்பிடித்து, அதன் மேற்கு முகப்பை மட்டுமே முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். அவற்றில் 20 ஓவியங்கள் 1895-ல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. காலை நீலமாக, மதியம் வெளுத்து, மாலையில் தங்கமாக என ஒரே கல் ஒவ்வொரு ஓவியத்திலும் வேறு வேறாக நிற்கும். அந்த வரிசையைப் படமாகவாவது பார்த்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போங்கள். எந்த நேரத்தில் எந்த விளிம்பு கரைகிறது என்று கவனிக்கக் கண் பழகிவிடும்.

அடுத்த சிக்கல் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குச் சுவர் வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால்தான் வெள்ளையடித்த தேவாலயம் பலருடைய படத்தில் அழுக்குச் சாம்பலாக வருகிறது. படச்சட்டம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் எக்ஸ்போஷரை 1 முதல் 1.7 ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. கறுத்த கல் சுவர் நிறைந்திருந்தால் அரை ஸ்டாப்புக்குச் சற்று மேலாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் வெளிறிப் புழுதி படிந்தது போலாகும்.

இதைவிட எனக்குப் பிடித்தது பிலிம் காலத்து வெயில் 16 விதி. நல்ல வெயிலில் லென்ஸின் துளையான அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் ஸ்பீடு ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். அதாவது ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 வினாடி. துளையை எஃப் 8-க்குப் பெரிதாக்கினால் 1/400. இந்த விதி சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. சுவரின் மேல் விழுகிற வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆகவே சுவர் என்ன நிறமாக இருந்தாலும் குழப்பம் வராது. மேனுவல் முறையில் இதை வைத்து ஒரு நாள் முழுக்க எடுத்துப் பாருங்கள். மீட்டரைப் பார்க்காமலே வெளிச்சத்தை எடைபோடும் பழக்கம் வந்துவிடும்.

சோதித்துக்கொள்ள, படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் கேமராவில் இருக்கிறது. அது வலது விளிம்பில் மோதி நிற்கக் கூடாது. வெள்ளைச் சுவர் ஒருமுறை முழுக்க வெளுத்துப் போனால் அங்கே திரும்ப எடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. நிழலுக்குள் அப்படி இல்லை, சென்சாரின் தரவை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் எடுத்தால் இருட்டுக்குள்ளிருந்து நிறையவே மீட்கலாம். வழக்கமான 8 பிட் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். வாசலுக்குள் இருட்டும் வெளியே வெயிலுமாக இருக்கும்போது சிலர் 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து ஒன்றாக்குவார்கள். தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம்தான். ஆனாலும் வாசலின் இருட்டை முழுக்க வெளுக்க வைத்துவிட்டால் கதவின் ஆழமே போய்விடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று கண் தேடட்டும் என்று நான் அந்த இருட்டைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவேன்.

உயரமான கட்டடத்தில் எல்லோரையும் மடக்குவது சாய்வு. கிட்டே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும். சுவர்கள் மேலே போகப் போகக் குறுகும். காரணம் லென்ஸ் இல்லை, கேமராவின் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாததுதான். இணையாக வைத்துவிட்டால் எவ்வளவு அகன்ற லென்ஸானாலும் நேர்க்கோடுகள் நேராகவே நிற்கும். ஆனால் அப்போது சட்டத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாகிவிடும், கோபுரத்தின் தலை வெட்டுப்படும். இதற்கு நான் பழகிய வழி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, 24 மி.மீ. அல்லது அதற்கும் அகன்ற லென்ஸைப் போட்டு, மட்டம் பார்த்து நிறுத்தி எடுப்பது. பிறகு கீழே இருக்கிற தரையை வெட்டிவிடலாம். அந்தத் தரையையே படத்துக்குள் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. கல் பாவிய நடைபாதை, உதிர்ந்த இலைகள், நீளமாக விழும் கோபுர நிழல் என ஏதாவது ஒன்று அங்கே இருக்கும்.

இந்த வேலையை லென்ஸுக்குள்ளேயே செய்ய ஷிஃப்ட் லென்ஸ்கள் வந்தன. 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராவுக்கு நிக்கான் 1962-ல் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்திக் கோபுரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். விலை அதிகமான பொருள், பழகுகிறவருக்குத் தேவையே இல்லை. கணினியில் மென்பொருள் கொண்டு நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தும்போது மேல் மூலைகள் நீட்டப்படும், ஓரங்கள் வெட்டுப்படும். ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும். முழுக்க நிமிர்த்தினால் கோபுரம் மேலே போகப் போக அகன்று வருவதுபோல ஒரு மயக்கம் தட்டும். கொஞ்சம் சாய்வை மிச்சம் வைத்தால்தான் கண்ணுக்கு இயல்பாக இருக்கிறது.

சாய்வுக்கு எல்லாவற்றிலும் நல்ல மருந்து பின்னால் நடப்பது. வளாகத்தைவிட்டு வெளியே போய், தெருக்கோடியில் நின்று 100 அல்லது 135 மி.மீ. லென்ஸில் பாருங்கள். கோபுரம் தன் உண்மையான உயரத்தோடு மரங்களுக்கும் கூரைகளுக்கும் மேலே எழுந்து நிற்கும். கிட்டே நின்றபோது முகப்பு கோபுரத்தையே மறைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் புரியும். பொருள்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்பதை முடிவு செய்வது நாம் நிற்கும் தூரம். லென்ஸ் அதில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஜூமைத் திருகுவதற்கு முன்னால் கால்களைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

கல்லறைத் தோட்டத்தில் வேறு ஒரு பாடம் இருக்கிறது. முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் பாசி படிந்த கல், பின்னால் தேவாலயம், இரண்டும் துல்லியமாக வேண்டும். முழுச் சட்டக் கேமராவில், அதாவது 35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் உள்ளதில், 24 மி.மீ. லென்ஸ், எஃப் 11 என்று வைத்துச் சுமார் 1.8 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய 0.9 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை துல்லியம் கிடைக்கும். தேவாலயத்தின் மேல் ஃபோகஸ் செய்தால் முன்கல் மங்கும். அப்பர்ச்சரை எஃப் 22 வரை மூடிவிட்டால் எல்லாம் கூர்மையாகிவிடும் என்று நம்ப வேண்டாம். சின்னத் துளை வழியாக வரும் ஒளி சிதறிப் படம் முழுக்கவே லேசாக மழுங்கும். ட்ரைபாடில் வைத்து, இரண்டு வினாடி டைமரில் எடுத்தால் விரல் அழுத்தும் ஆட்டமும் வராது. கல்லின் மேல் ட்ரைபாட் காலை ஊன்றக் கூடாது, புதைகுழியின் மேல் நடக்கவும் கூடாது. வழிக்காக ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள்.

மப்பான நாளைப் பலர் வீணான நாள் என்று ஒதுக்குகிறார்கள். சிற்ப முகங்களுக்கும் மரக்கதவின் நிறத்துக்கும் பாசிக்கும் அதுதான் நாள். வானத்தை மட்டும் சட்டத்துக்குள் விடாதீர்கள். மழை விட்ட பத்து நிமிடம் அதைவிட நல்லது. நனைந்த கல் கறுத்து நிறம் கூடும், தரையில் தேங்கிய நீரைக் கேமரா தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்த்தினால் கை அகல நீரிலேயே முழுக் கோபுரமும் தலைகீழாக விழும்.

போலரைசர் ஃபில்டர் பற்றிக் கொஞ்சம். சூரியனுக்கு 90 டிகிரி திசையில் இருக்கும் வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். அகன்ற லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளிறியும் திட்டுத் திட்டாக வரும். கண்ணாடிச் சன்னலின் பிரதிபலிப்பைக் குறைக்கவும் ஈர இலைகளின் பளபளப்பை அடக்கவும்தான் நான் அதைப் பெரும்பாலும் எடுக்கிறேன். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

முகப்பை எடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பின்பக்கம் போங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ரான்சோஸ் டி தாவோஸ் என்ற ஊரில் சுடாத மண் கல்லால் கட்டிய சான் பிரான்சிஸ்கோ டி அசிஸ் தேவாலயம் இருக்கிறது. ஆன்சல் ஆடம்ஸ், பால் ஸ்டிராண்ட் போன்ற பெரிய ஒளிப்படக் கலைஞர்கள் அங்கே எடுத்துப் புகழ்பெற்றவை அதன் பின்புறப் படங்கள். சன்னலோ அலங்காரமோ இல்லாத தடித்த மண் சுவர்கள், அவற்றைத் தாங்கும் முட்டுச்சுவர்கள், அவற்றின் மேல் வெயிலும் நிழலும். வேறு ஒன்றும் அங்கே இல்லை, வேறு ஒன்றும் தேவைப்படவும் இல்லை. எங்கள் தேவாலயத்தின் பின்புறத்திலும் பீடத்தைச் சுற்றி அரைவட்டமாக வளையும் சுவர் ஒன்று இருக்கிறது. வளைந்த சுவர் என்பதால் காலையில் எந்த நேரத்தில் போனாலும் அதன் ஏதோ ஒரு பகுதியில் வெயில் உரசிக்கொண்டுதான் இருக்கும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் அத்தனை படிகளும் ஒரே சட்டத்தில் வரிசையாகக் கிடைக்கும். கறுப்பு வெள்ளையில் பழக விரும்புகிறவர்கள் இப்படி ஒரு சுவரிலிருந்து தொடங்கலாம்.

பகலில் வெளியிலிருந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடிகள் வெறும் கறுப்புக் கட்டங்கள். அவை உயிர்பெறுவது பொழுது சாய்ந்த பிறகு, உள்ளே விளக்கு எரியும்போது. அதற்கு விளக்கு எரியும் நாள் தெரிய வேண்டும். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன்.

“ஐயா, சாயங்காலம் உள்ள விளக்கு எத்தனை மணிக்குப் போடுவீங்க?”

“ஆராதனை இருக்கிற அன்னைக்குத்தான் தம்பி எல்லா விளக்கும். மத்த நாள்ல பீடத்துக்கிட்ட ஒண்ணு மட்டும்தான். அன்னைக்கு வாங்க, தெக்குப் பக்கம் நின்னு பாருங்க.”

தெற்குப் பக்கம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் போய் நின்றதும் தெரிந்தது. அந்தப் பக்கத்துச் சன்னல்களுக்கு முன்னால் மட்டும்தான் மரம் இல்லை. ஒரு கட்டடத்தோடு தினமும் இருக்கிறவரின் கண்ணை எந்தச் செயலியும் ஈடுகட்டாது.

அந்த மாலைப் படத்துக்கு முழு இருட்டு வரக் காத்திருக்கக் கூடாது. வானம் கறுத்துவிட்டால் கட்டடத்தின் விளிம்பு அதில் கரைந்துபோகும், சன்னல்கள் மட்டும் தனியே மிதக்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறக்குறைய 4 டிகிரி முதல் 8 டிகிரிவரை இறங்கியிருக்கும் நேரம்தான் நீலப் பொழுது. அதற்குள் ஏதோ ஒரு சில நிமிடங்களுக்கு வானத்தின் வெளிச்சமும் சன்னலின் வெளிச்சமும் சமமாக வந்து நிற்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அது சட்டென்று கடந்துவிடும், தள்ளிப் போகப் போக நீளும். நான் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று நிறுத்திக்கொண்டு சூரியன் மறைந்ததிலிருந்து சிறு சிறு இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருப்பேன். ஷட்டர் அரை வினாடியில் தொடங்கிப் பத்து வினாடியைத் தாண்டிப் போகும். படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையை 4000 கெல்வின் பக்கம் வைத்தால் வானம் நீலமாகவும் சன்னல் இதமான மஞ்சளாகவும் நிற்கும். எக்ஸ்போஷரைக் கண்ணாடிக்குப் பார்த்து வைக்க வேண்டும். அதில் இருக்கும் உருவங்கள் வெளுத்துப்போனால் படத்தின் உயிரே போயிற்று.

சிலுவைக்குப் பின்னால் நிலா வரும் படம் எல்லோருக்கும் ஆசை. அதிர்ஷ்டத்தால் கிடைப்பது என்று நினைக்கிறார்கள், உண்மையில் இது கணக்கால் கிடைப்பது. வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. ஒரு பொருள் அரை டிகிரி அகலத்தில் தெரிய வேண்டுமென்றால் அதன் அளவைப்போல ஏறக்குறைய 115 மடங்கு தூரத்தில் நாம் நிற்க வேண்டும். சிலுவை 1.5 மீட்டர் என்றால் 170 மீட்டர் தள்ளி நின்றால் சிலுவையும் நிலாவும் ஒரே அளவில் பொருந்தும். அங்கிருந்து 30 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சி சுமார் 10 டிகிரி உயரத்தில் தெரியும். முழுநிலவு அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும். அது 10 டிகிரி ஏறி வருவதற்குள் கட்டடம் இருண்டுவிடும். அதற்கு முந்தின நாள் நிலா முன்னதாகவே எழுந்து, சூரியன் மறையும்போது ஏறக்குறைய அந்த உயரத்தில் நிற்கும். நிலா கிழக்கே, நாம் மேற்கே, நடுவில் மாலை வெயில் பட்ட முகப்பு. மேலே நான் குறை சொன்ன அந்த நேரெதிர் வெயில் இங்கே மட்டும் கைகொடுக்கிறது. செதுக்கலைக் காட்டுவது இங்கே வேலை இல்லை, நிலாவுக்கு ஈடாகக் கட்டடம் ஒளிர்ந்தால் போதும்.

செய்யும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். நிலா தன் அகலத்தின் அளவை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும், ஆகவே ட்ரைபாடோடு இரண்டு மூன்று அடி இடதும் வலதும் நகரத் தயாராக நிற்க வேண்டும். இரண்டாவது ஃபோகஸ். 170 மீட்டரில் இருக்கும் சிலுவையும் நிலாவும் 200 மி.மீ. லென்ஸில் எஃப் 8-லேயே ஒருசேரத் துல்லியமாக விழும். 400 மி.மீ. என்றால் எஃப் 16 வரை மூடி, சிலுவையைத் தாண்டி நன்றாகப் பின்னால் ஃபோகஸ் செய்ய வேண்டும். சூரியனை வைத்து இதே மாதிரி எடுக்கப் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கும் வியூஃபைண்டரில் டெலி லென்ஸோடு சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும். திரையில் பாருங்கள், அதையும் அதிக நேரம் வேண்டாம்.

ஆட்கள் நடமாட்டம் இருக்கிற நேரத்தில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒரு நல்ல பயிற்சி. அது வெளிச்சத்தைச் சுமார் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும். 1/60 வினாடி எடுக்க வேண்டிய படம் 17 வினாடி ஆகும். நடந்து போகிறவர்கள் படத்தில் பதியாமல் மறைந்துவிடுவார்கள், நிற்கிறவர்கள் மட்டும் இருப்பார்கள். 1838-ல் லூயி டாகேர் பாரிஸின் ஒரு பெருந்தெருவை எடுத்த படத்தில் வண்டிகளும் கூட்டமும் காணாமல் போய், தன் காலணிக்கு மெருகு போடச் சொல்லி நின்ற ஒருவர் தெரிவதற்குக் காரணம் இதே நீண்ட எக்ஸ்போஷர்தான். கட்டடத்தின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காக நான் பெரும்பாலும் மனிதர்களை விட்டுவைக்கத்தான் பார்க்கிறேன். வாசல் வளைவுக்குக் கீழே சின்னதாக ஓர் ஆள் நின்றால் அந்தக் கல்லின் எடையே கூடிவிடுகிறது. ஆனால் பிரார்த்தனைக்கு வந்தவர்களின் முகத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. திருமணமோ அடக்க ஆராதனையோ நடந்தால் கேமரா பையைவிட்டு வெளியே வராது. ட்ரைபாடுக்கும் ட்ரோனுக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். அழகான படத்துக்கு நடுவே, அழகைப் பற்றிக் கவலைப்படாத பதிவுப் படங்களையும் எடுத்து வையுங்கள். 1851-ல் பிரான்சில் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய அரசு ஐந்து ஒளிப்படக் கலைஞர்களை அனுப்பியது. அவர்கள் எடுத்தவற்றில் தேவாலயங்களும் பேராலயங்களும் நிறைய. 2019 ஏப்ரல் 15-ல் பாரிஸின் நோத்ர் தாம் பேராலயம் எரிந்து கூரையும் ஊசிக்கோபுரமும் சரிந்தன. 2024 டிசம்பரில்தான் அது மறுபடி திறக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு மூலைக்கும் முன்பே பதிவுகள் இருந்தன. நம் கண்முன்னே இருக்கிற, பெயர் தெரியாத தேவாலயத்துக்கு அப்படி யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஒரு புயல் போதும், தெரியாமல் செய்த ஒரு சிமென்ட் பூச்சு போதும், அந்தத் திராட்சைக் கொடி போய்விடும்.

பதிவுப் படத்துக்கு மப்பான வெளிச்சம் நல்லது. ஒவ்வொரு சுவரையும் நேரெதிரே, மட்டமாக நின்று எடுக்க வேண்டும். நீளமான சுவரென்றால் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, ஒரு படத்தின் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வரும்படி எடுத்தால், பிற்பாடு கணினியில் முப்பரிமாண உருவமாகக்கூடக் கட்டலாம். செதுக்கலை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம், இல்லாமல் ஒரு படம். பிறகு அதே செதுக்கலை வெயில் உரசும் நேரத்திலும் ஒருமுறை. விரிசல்களை விடாதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்தால் அது வளர்கிறதா என்று தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் சுவரின் திசை, பகுதி, தேதி, மணி என்று பெயர் வைத்துவிடுங்கள். கேமரா போட்ட எண்ணோடு விட்டால் இரண்டு வருடத்தில் நமக்கே அடையாளம் தெரியாது. ஒரு பிரதியைத் தேவாலய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் தேவாலயத்தின் மேற்கும் தெற்கும் பின்சுவரும் என்னிடம் இப்போது முழுமையாக இருக்கின்றன. சில மாதங்கள் மட்டுமே வெயில் படும் வடக்குச் சுவர்தான் பாக்கி, அதற்கான நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.